பஞ்சு அக்காவின் ஏர்பிரஷ்

ரத்தம் எடுக்கிற இடத்தில் யாருக்கும் நல்ல பெயர் கிடைப்பதில்லை. வலித்தால் திட்டுவார்கள், வலிக்காவிட்டால் மறந்துவிடுவார்கள். இருந்தும் அந்த லேபில் ஒருத்தி பெயர் வாங்கியிருந்தாள். எப்போதோ ஒரு பெரியவர் கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பஞ்சு வச்சுட்டீங்க, சரி. ஊசி எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்டார். ரத்தம் எடுத்து முடித்து, குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த நேரம் அது. அன்றிலிருந்து அவள் பஞ்சு அக்கா. சம்பளம் போடுகிறவரைத் தவிர அவளுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுப்பவள் மின்னல். அவளும் கிட்டத்தட்ட அக்காவின் வயதுக்காரிதான். வேகத்துக்காக வைத்த பெயர். வேகம் இருந்ததே தவிர, அவளிடம் கை கொடுத்தவர்கள் நீலம் பாரித்த முழங்கை மடிப்போடு வீட்டுக்குப் போவார்கள். "என்ன, மின்னல் வெட்டிடுச்சா?" என்று அக்கா கேட்பாள். வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், மின்னல் மட்டும் சிரிக்க மாட்டாள். அக்காவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. அதை மூடி மறைத்து இங்கே யாருக்கு என்ன லாபம்?

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு, பிளாஸ்டிக் விமானங்கள். மகன் சின்னவனாக இருந்தபோது அவளுடைய தம்பி ஒரு பெட்டி வாங்கி வந்தான். உள்ளே விமானம் துண்டு துண்டாக இருந்தது, ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மகன் திறந்து பார்த்து, "இது பறக்காதா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை மூடிவிட்டான். அக்கா சும்மா ஒரு துண்டை இன்னொன்றோடு ஒட்டிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வரும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போது மகன் வேலைக்கு வேறு ஊர் போய்விட்டான். அவன் அறையில் அலமாரி முழுக்க விமானங்கள். இத்தனையும் கட்டியவள் ஒரு தடவை கூட நிஜ விமானத்தில் கால் வைத்ததில்லை.

"உன் விமானம் எல்லாம் தூசியிலதான் பறக்குது" என்பார் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கனத்த விரல்கள், முரட்டுப் பிடி. சட்டைப் பொத்தான் அவர் கையில் பட்டால் தெறிக்கும். கையெழுத்துப் போடச் சொன்னால் கட்டத்தைத் தாண்டி மேஜைக்கே போய்விடும். அவரை அந்த அலமாரிப் பக்கம் அக்கா அண்டவிடுவதில்லை.

தொல்லை ஒரு நீலக் கோட்டில் ஆரம்பித்தது. பயணிகள் விமானம் ஒன்றின் ஜன்னல் வரிசைக்குக் கீழே, மூக்கிலிருந்து வால் வரை இழுக்க வேண்டிய கோடு. எத்தனையோ முறை இழுத்ததுதான். அன்று பாதி வழியில் புழுவாக நெளிந்தது. பிரஷ்ஷின் மயிர் பிரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். புது பிரஷ்ஷும் நெளிந்தது. பெயிண்ட் கெட்டி என்று கொஞ்சம் இளக்கினாள். அப்புறம் மூக்குக்கண்ணாடி, அப்புறம் விளக்கு வெளிச்சம், அப்புறம் மேஜையின் கால். வீட்டில் இருந்த அத்தனை சாமானும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கியது. அவளுடைய வலது கையை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

பிறகு லேபிலும் அது வந்தது. பருமனான ஒருவரின் கையில் ஊசி நரம்பைத் தொட்டுவிட்டு வழுக்கியது. "உங்களுக்கு நரம்பு நழுவுது சார், தண்ணி நிறையக் குடிங்க" என்றாள். அவரும் தன் நரம்புக்காக மன்னிப்புக் கேட்காத குறையாகப் போனார். அடுத்த வாரம் இன்னொருவர். அவருக்கும் அதே தண்ணீர் உபதேசம். ஊசியை எடுக்கும்போதெல்லாம் அக்கா மணிக்கட்டை நாற்காலியின் கையில் அழுத்தி ஊன்றிக்கொள்ளப் பழகினாள். மின்னல் இந்தப் பக்கம் திரும்பினால் கையைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட அவள் பயந்தது ஒரு குழந்தையிடம். திங்கட்கிழமைதோறும் அம்மாவோடு வரும் சின்னப் பெண். ஏதோ நீண்ட சிகிச்சை, அடிக்கடி ரத்தம் பார்த்தாக வேண்டும். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் லேபில் அவள் 'ஏன் பாப்பா'. பஞ்சு அக்காவைத் தவிர யாரிடமும் கையை நீட்ட மாட்டாள். போன திங்கள் நூல் கனத்தில் இருந்த அந்த நரம்பின் மேல் ஊசியைக் கொண்டுபோனபோது பாப்பா கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க கை ஏன் ஆடுது?"

"குளிருதுடா கண்ணு" என்றாள் அக்கா. மின்விசிறி கூட ஓடவில்லை. அவளுடைய முதுகில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அன்று ஊசி சரியாகத்தான் போனது. ஆனால் அடுத்த தடவை தப்பினால்? அந்த மெல்லிய கையில் துழாவ வேண்டி வந்தால்? வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அந்தக் குழந்தையைக் குத்திக் கிழித்துவிடுவோமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவளைத் தூங்கவிடவில்லை. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் அவளுக்கு ஏர்பிரஷ் ஆசை வந்தது. ஆசை என்று புருஷனிடம் சொன்னாள். உண்மை வேறு. பிரஷ் மாடலைத் தொடும். தொட்டால் விரலின் நடுக்கம் அப்படியே இறங்கும். ஏர்பிரஷ் தொடாது. காற்றோடு கலந்த பெயிண்ட் சற்றுத் தள்ளியிருந்து பவுடர் மாதிரி படியும். கை லேசாக ஆடினாலும் வெளியே தெரியாது என்று யாரோ வீடியோவில் சொல்லக் கேட்டிருந்தாள். இது கைகொடுத்தால் தன் கையில் கோளாறு இல்லை என்று நம்பிக்கொள்ளலாம். எப்படிப்பட்ட கணக்கு பாருங்கள்!

மாடல் கடைக்காரர் வாய் ஓயாதவர். கண்ணாடி மேஜைமேல் வெல்வெட் துணியை விரித்து, பேனா கனத்தில் இருந்த இரண்டு ஏர்பிரஷ்களை வைத்தார்.

"கிண்ணம் மேல இருக்கிறதையே எடுங்க. ரெண்டு சொட்டு பெயிண்ட் போதும், தானா இறங்கும். அடியில பாட்டில் மாட்டுற வகை பெரிய வேலைக்கு. முனை ஓட்டை பாயிண்ட் மூணு மில்லிமீட்டர். அதைவிடச் சின்னதுன்னா அடைச்சு அடைச்சு உயிரை வாங்கிடும். இதெல்லாம் சரி, இப்பதான் முக்கியமான விஷயம்." ஒன்றைக் கையில் எடுத்தார். "இதுல பெயிண்ட் எவ்வளவு வரணும்னு பின்னாடி இருக்கிற திருகுல முதல்லயே வச்சுடலாம். அப்புறம் பொத்தானை அமுக்கினா போதும், அவ்வளவுதான். அதோ அது, அமுக்கினா காத்து மட்டும் வரும். பின்னால இழுத்தாதான் பெயிண்ட். எவ்வளவு இழுக்கிறீங்களோ அவ்வளவு வரும். எல்லாம் ஆள்காட்டி விரல் கையிலதான்."

"எது நல்லது?"

"பழகிட்டா ரெண்டாவதுதான் ராஜா. ஆனா விரல் அசையாம நிக்கணும். கை கொஞ்சம் நடுங்குறவங்க முதல் வகையைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. தப்பே இல்ல."

பார்த்துவிட்டாரா? அக்கா கையை மேஜையிலிருந்து சட்டென்று எடுத்துக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பாவம், அவர் பாக்கெட்டில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்குங்க அது? தினமும் ஊசி பிடிக்கிற கை இது" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "ரெண்டாவதையே கட்டிக் கொடுங்க." கூடவே காற்று அடித்துத் தர, டேங்க் இல்லாத ஒரு குட்டிக் கம்ப்ரஸரையும் வாங்கினாள். வீம்புக்கு வாங்குகிற சாமானை யாரும் இரண்டு முறை யோசித்து வாங்குவதில்லை.

"மாடல் மேல உடனே போயிடாதீங்க. வெறும் பேப்பர்ல புள்ளி வைங்க, கோடு போடுங்க. கோடு ஒரே சீரா வந்தாதான் கை பழகிடுச்சுன்னு அர்த்தம்" என்று கடைக்காரர் வாசல்வரை சொல்லி அனுப்பினார்.

மகனின் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டு, பெயிண்ட்டைப் பால் பதத்துக்கு இளக்கி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதல் கோட்டை அடித்தாள். முதலில் நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஏர்பிரஷ் தும்மியது. தாளில் நீலப் பொட்டுகள். திரும்பவும் தும்மியது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பார்த்தாயா, சாமானில்தான் கோளாறு!

போனில் கடைக்காரர் கேட்டார்: "ஊசி முனையைத் துடைச்சீங்களா?"

"எந்த முனை?"

"ஏர்பிரஷ்ஷுக்குள்ள ஒரு ஊசி ஓடுதில்ல, அதோட முனையில பெயிண்ட் காய்ஞ்சு ஒட்டிக்கும். அப்பப்ப விரலால கிள்ளி எடுத்துடணும்."

"விரலாலயா? ஊசி முனையையா?" அக்காவுக்கு உடம்பே கூசியது. ஊசி முனையைத் தொடாதே என்பது அவள் தொழிலில் முதல் பாடம். தொட்டவர்களை அவளே திட்டியிருக்கிறாள். அதனால்தான் ஏர்பிரஷ்ஷின் மற்ற எல்லாப் பாகத்தையும் பளபளவென்று துடைத்தவள், அந்த முனைக்கு மட்டும் பக்கத்திலேயே போகவில்லை. இந்த உலகத்தில் வேறு யாரும் இந்தக் காரணத்துக்காக ஏர்பிரஷ்ஷை அடைக்க வைத்திருக்க மாட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முனையைக் கிள்ளினாள். தும்மல் நின்றது.

ஆனால் கோடு சீராகவில்லை. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, மறுபடி தடித்து, மணி கோத்த மாதிரி ஓடியது. மறுபடியும் போன்.

"உங்க கம்ப்ரஸர்ல டேங்க் இல்லல்ல? மோட்டார் துடிக்கிறப்ப காத்தும் துடிக்கும். கோடு விட்டு விட்டு வரலாம்."

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளே, காற்றுதான்! காற்றுதான் நடுங்குகிறது. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த புருஷனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த அலமாரி அறைக்கு அவரை அவள் அழைப்பது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் டேங்க் வைத்த கம்ப்ரஸராக மாற்றிக்கொண்டு வந்தார். குழாயை மாட்டி, மரையை இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, பெரிய லிஃப்ட்டையே ஓடவைத்த மாதிரி நிமிர்ந்தார்.

"இரு, காத்து சீரா வருதான்னு நானே பாத்துடறேன்."

"ஐயோ, நீங்களா? உடைச்சிடாதீங்க!"

அதற்குள் அவர் எடுத்துவிட்டார். அந்தத் தடித்த விரல்களுக்கு நடுவில் ஏர்பிரஷ் தீக்குச்சி மாதிரி இருந்தது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அமுக்கி, இழுத்து, தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கையை ஓட்டினார். நீலக் கோடு ஒன்று விழுந்தது. தடிக்கவுமில்லை, மெலியவுமில்லை. ஒரே சீர்.

"பாரு!" என்று குழந்தை மாதிரி கத்தினார். "நான் சொன்னேன்ல? மெஷின் சரியாயிடுச்சு!"

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்துக்குள் கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷன் போட்ட கோடு. இனிமேல் பழி போட ஒரு சாமான் கூடப் பாக்கியில்லை.

"ம், இப்ப நீ போடு. உன் கை பட்டா இன்னும் அழகா வரும்" என்று ஏர்பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார். வாங்கினாள். போட்டாள். அவர் கோட்டுக்கு நேர் கீழே, அதே பெயிண்ட், அதே காற்று. மணி கோத்த மாதிரி வந்தது. அவர் முதலில் ஏர்பிரஷ்ஷைப் பார்த்தார். பிறகு அவள் விரலைப் பார்த்தார். கம்ப்ரஸரை அணைத்தார். அறை அமைதியானபோது அவள் அழுதுகொண்டிருப்பது இருவருக்குமே கேட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"தெரியல. ரொம்ப நாளா." சொன்னதும் அழுகை கூடியது. "என்னங்க, எனக்கு இந்தக் கையை விட்டா வேற என்ன இருக்கு? நாளைக்கு அந்தப் பாப்பா வருவா. நான் என்ன பண்ணுவேன்?"

அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. நடுங்குகிற கையைத் தன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். "முதல்ல டாக்டரைப் பாப்போம். பழுது எதுன்னு தெரியாம பயந்துட்டு உக்காந்தா லிஃப்ட் ஓடுமா?" என்றார். அன்றைக்கே கிளம்பினார்கள்.

ஞாயிறும் திறந்திருந்த டாக்டர் அவளைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. தான் எத்தனை தூரம் நடுங்குகிறோம் என்று அவள் முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"தைராய்டா இருக்கலாம். அப்படின்னா மாத்திரையில அடங்கிடும். அது இல்லன்னா அடுத்து என்னன்னு பார்க்கணும். இப்பவே எதையும் முடிவு கட்டாதீங்க. நாளைக்கு ரத்தம் கொடுங்க. முடிவு வர்ற வரைக்கும் நீங்க யாருக்கும் ஊசி போடாதீங்க."

திரும்பும் வழியில் மாடல் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கடைக்காரர் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குக் கை நடுங்குதுங்க. அந்த முதல் வகையையே கொடுங்க" என்றாள். கடைக்காரர், "ஆஹா, பேஷா மாத்திக்கலாம்" என்று உள்ளே போனார். உலகம் இடிந்து விழவில்லை. ஆனால் இவர் அந்நியர். நாளைக்கு நிற்க வேண்டியது லேபில், மின்னலுக்கு எதிரில்.

ராத்திரி முழுக்க ஒரே எண்ணம்: வேறு லேபில் போய் ரத்தம் கொடுத்துவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. முடிவு வரும்வரை லீவு போட்டுக்கொள்ளலாம். காலையில் தலை சீவும்போது கூட அந்த எண்ணம் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் இன்னும் கூடியது. ஆனால் தான் போகாவிட்டால் பாப்பா யாரிடமும் கை நீட்டாமல் அழுது, நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். லேப் நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

பாப்பா முன்னாலேயே வந்து அக்காவின் நாற்காலியில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கையுறை மாட்டவில்லை. மின்னலிடம் போனாள்.

"இன்னைக்குப் பாப்பாவுக்கு நீ எடு."

மின்னல் நம்பவில்லை. "ஏங்க்கா, என்னைக் கேலி பண்ண வேற நேரம் கிடைக்கலையா?"

"கேலி இல்ல. என் கை சரியில்ல. நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது. நரம்பு நழுவுதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய்." வரிசையில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. அக்காவுக்குக் காது மடல் எரிந்தது.

பாப்பா உடனே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "மாட்டேன்! அந்த ஆன்ட்டி வலிக்க வைப்பாங்க!" மின்னலின் முகம் சுருங்கியதை அக்கா பார்த்தாள். அந்தப் பயத்தை ஊரெல்லாம் பரப்பியது யார்? தன் வாய்தான்.

"சரி, எழுந்திரு. முதல்ல எனக்கு எடுக்கட்டும், நீ பக்கத்துல நின்னு பாரு" என்று சொல்லி அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்த சீட்டை மின்னலிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ரொம்பத் தாழ்வாக இருந்தது.

மின்னல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஸ்பிரிட் தடவினாள். ஊசியை எடுத்தவள் நிறுத்திவிட்டாள். "அக்கா," என்றாள் மெதுவாக, "உங்களுக்குப் போடணும்னதும் என் கையே நடுங்குது."

"ரெண்டு பேர் நடுங்கினா லேபை இழுத்து மூட வேண்டியதுதான். அவசரப்படாத. நரம்பை விரலால ஒரு தடவை தடவிப் பாத்துட்டு, மெதுவா."

மின்னல் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகச் செய்தாள். டியூபில் ரத்தம் ஏறியது. பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள் பாப்பா.

இல்லை என்ற பதில் அக்காவுக்கு வாய்வரை வந்துவிட்டது. தண்ணீர் குடிங்க, குளிருதுடா என்று பழகிய வாய். "கொஞ்சம் வலிச்சுது," என்றாள். "தாங்குற அளவுக்குத்தான்."

பாப்பா அந்தப் பஞ்சை எட்டிப் பார்த்தாள். அக்கா எழுந்ததும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள், மின்னலிடம். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி முதல் தடவையிலேயே போனது. பாப்பா அழவில்லை. அப்பாடா என்று அக்காவுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பாப்பா அவள் பக்கம் திரும்பாமல் மின்னலிடம், "அடுத்த திங்களும் நீங்கதான் எடுப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.